சுமை எங்கே போய்ச் சேர்கிறது? நீடித்த குடியிருப்புகளைக் கற்பிப்பதற்கான புவியியல் ஆசிரியர் பயிற்சி: தமிழ்நாட்டுச் சூழலில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

குடியிருப்புப் புவியியலும் நீடித்த வளர்ச்சியும் பள்ளிப் பாடத்தில் தனித்தனி அத்தியாயங்களாக நிற்கின்றன. முதலாவது வடிவங்களின் வகைப்பாடாகவும், இரண்டாவது நல்லொழுக்க அறிவுரையாகவும் வகுப்பறையை அடைகின்றன. ஒரு குடியிருப்பு நீடித்து நிற்குமா என்ற கேள்விக்கு அக்குடியிருப்பின் எல்லைக்குள் மட்டும் விடை தேட முடியாது. அதன் நீர், கழிவு, ஆற்றல், இடம்பெயர்க்கப்பட்ட மக்கள் ஆகிய நான்கும் எங்கிருந்து வந்து எங்கே போய்ச் சேர்கின்றன என்று தொடர்ந்து சென்று பார்ப்பதே புவியியல் அளிக்கக்கூடிய தனிப் பங்களிப்பு என்று இக்கட்டுரை வாதிடுகிறது. தமிழ்நாட்டின் மூன்று களங்களைக் கொண்டு இந்த வாதத்தை விளக்கி, ஆசிரியர்களின் பணியிடைப் பயிற்சியை அதற்கேற்ப மாற்றியமைக்கும் ஒரு திட்டத்தையும் முன்வைக்கிறது.

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை புவியியல் தனிப்பாடமாக இல்லை. வரலாறு, குடிமையியல், பொருளியல் ஆகியவற்றோடு அது சமூக அறிவியலுக்குள் அடங்குகிறது. மேல்நிலை வகுப்புகளில்தான் தனிப்பாடமாகிறது. ஆகவே, நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் புவியியல் நடத்தும் பட்டதாரி ஆசிரியர்களில் வரலாற்றைப் பட்டப்பாடமாகப் படித்தவர்களும் இருக்கிறார்கள். ஏழாம் வகுப்பில் மக்கள்தொகை, குடியிருப்புகள் பற்றியும், எட்டாம் வகுப்பில் இடம்பெயர்வு, நகரமயமாதல் பற்றியும் மாணவர்கள் படிக்கிறார்கள். இப்பாடங்களை நடத்துபவருக்குப் பணியிடைப் பயிற்சி எதைக் கொடுக்க வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

இது கருத்தியல் ஆய்வு. பொது ஆவணங்களில் பதிவான செய்திகளையும் ஆசிரியர் கல்வி பற்றிய அறியப்பட்ட கோட்பாடுகளையும் இணைத்துப் பார்க்கிறது. கட்டுரையில் வரும் பயிற்சித் திட்டம் ஒரு முன்மொழிவு.

2. நீடித்த சமுதாயம்: கருத்தின் வளர்ச்சி

2.1 காலத்தை நோக்கிய வரையறை

1987-இல் புருண்ட்லாண்ட் ஆணையம் வெளியிட்ட அறிக்கை, வருங்காலத் தலைமுறைகள் தம் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் திறனைப் பறிக்காமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றுவதே நீடித்த வளர்ச்சி என்று வகுத்தது. இன்றுவரை பாடநூல்கள் எடுத்தாளும் வரையறை இதுதான். இதன் நோக்கு பெரிதும் காலத்தின் மீது பதிந்தது: இன்று, நாளை, பேரப்பிள்ளைகள். ஒரே நாளில், ஒரே மாவட்டத்தில், ஓர் ஊரின் வசதிக்காக இன்னோர் ஊர் விலை கொடுப்பதை இந்த வரையறையிலிருந்து ஒரு மாணவர் தானாகக் கண்டுகொள்வது கடினம்.

குடியிருப்புகள் குறித்த ஐக்கிய நாடுகள் மாநாடுகள் 1976-இல் வான்கூவரிலும், 1996-இல் இஸ்தான்புல்லிலும், 2016-இல் கீட்டோவிலும் நடந்தன. முதல் மாநாட்டுக்கும் மூன்றாவதற்கும் இடையில் உலக மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் நகரவாசிகளாகிவிட்டார்கள்; ஐ.நா. மதிப்பீட்டின்படி 2007-ஐ ஒட்டி அந்த எல்லை தாண்டப்பட்டது. 2015-இல் ஏற்கப்பட்ட நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 11-ஆவது, நகரங்களையும் சமுதாயங்களையும் பற்றியது. அதன் உட்பிரிவுகளுள் ஒன்று நகரம், நகர விளிம்பு, ஊரகம் ஆகியவற்றுக்கு இடையிலான பொருளாதார, சமூக, சுற்றுச்சூழல் தொடர்புகளை வலுப்படுத்தச் சொல்கிறது. பள்ளிச் சுவரொட்டிகளில் இலக்கின் வண்ணச் சின்னம் இடம்பெறுகிறது. இந்த உட்பிரிவு இடம்பெறுவதில்லை.

2.2 பிரிட்டன் தந்த சட்டகம்

நீடித்த சமுதாயம் என்பதைக் கூறுகளாகப் பிரித்து ஆசிரியர்களும் கையாளத்தக்க வடிவில் தந்தது பிரிட்டன். 2003-இல் அந்நாட்டு அரசு நீடித்த சமுதாயங்களுக்கான திட்டத்தை அறிவித்தது. 2004-இல் வெளிவந்த ஈகன் அறிக்கை, ஆட்சிமுறை, போக்குவரத்து, சேவைகள், சுற்றுச்சூழல், பொருளாதாரம், வீடும் கட்டட அமைப்பும், சமூகமும் பண்பாடும் என ஏழு கூறுகளை வகுத்தது. 2005 டிசம்பரில் ஐரோப்பிய அமைச்சர்கள் ஏற்ற பிரிஸ்டல் உடன்பாட்டில் எட்டுப் பண்புகள் இடம்பெற்றன. அவற்றுள் எட்டாவது, அனைவருக்கும் நியாயம் என்பது. அந்த நியாயம் பிற சமுதாயங்களில் வாழ்பவர்களுக்கும், இன்றும் இனியும், உரியது என உடன்பாடு விளக்கியது.

முதல் ஏழையும் ஓர் ஊரின் எல்லைக்குள் நின்றே மதிப்பிட்டுவிடலாம். பேருந்து வருகிறதா, பள்ளி இருக்கிறதா, பூங்கா பசுமையாக இருக்கிறதா என்று பட்டியலிட்டு மதிப்பெண் போடலாம். எட்டாவது மட்டும் ஊர் எல்லையைக் கடந்து அடுத்த ஊருக்குப் போகச் சொல்கிறது. புவியியல் ஆசிரியருக்கு உரிய வேலை அங்கே தொடங்குகிறது.

2.3 புவியியலின் பங்கு

உலகப் புவியியல் ஒன்றியத்தின் கல்விக் குழு 2007-இல் லூசெர்னில் வெளியிட்ட அறிவிக்கை, நீடித்த வளர்ச்சிக்கான கல்வியில் புவியியலுக்கு மையமான இடம் உண்டு என்றது. இயற்கை, சமூகம் என்னும் இரு துறைகளையும் ஒரே இடத்தின் மீது பொருத்திப் பார்க்கும் பாடம் என்பது அதற்கான காரணம். இக்கட்டுரை அதை மேலும் குறுக்கிச் சொல்கிறது: பொருளியல் செலவு எவ்வளவு என்று கேட்கும், அறவியல் அது நியாயமா என்று கேட்கும், அந்தச் செலவு வரைபடத்தில் எந்தப் புள்ளியில் போய் இறங்குகிறது என்று கேட்பது புவியியல். இக்கேள்வியைக் கேட்கும் பழக்கத்தை ஆசிரியரிடம் வளர்ப்பதே பயிற்சியின் நோக்கமாக இருக்க வேண்டும்.

3. இன்றைய குடியிருப்புப் பாடத்தின் மூன்று இடைவெளிகள்

3.1 வடிவம் உண்டு, காரணம் இல்லை

குழுமிய குடியிருப்பு, சிதறிய குடியிருப்பு, நீள்வடிவம், வட்டவடிவம், நட்சத்திரவடிவம் என்னும் வகைப்பாடு மாணவர்களுக்கு எளிதில் மனப்பாடமாகிறது. தேர்வுக்கும் வசதியானது. ஆனால் வகையின் பெயரைச் சொன்னதோடு விசாரணை நின்றுவிடுகிறது. சாலையோரம் நீண்டு கிடக்கும் ஊரை நீள்வடிவம் என்று அடையாளம் கண்ட மாணவரிடம், அச்சாலை அகலப்படுத்தப்படும்போது அந்த வீடுகள் என்னவாகும் என்ற கேள்வி வருவதில்லை. 1933-இல் கிறிஸ்டாலர் தெற்கு ஜெர்மனியை வைத்து முன்மொழிந்த மைய இடக் கோட்பாடு மேல்நிலைக்குப் பின் வருகிறது. அதன் அறுகோணங்களும் பெரும்பாலும் வரைந்து மதிப்பெண் பெறும் படமாகவே நின்றுவிடுகின்றன.

3.2 ஊரகமும் நகரமும் என்னும் இருமை

பாடநூலில் ஊரகம் ஒரு பக்கம், நகரம் ஒரு பக்கம். தமிழ்நாட்டில் இவ்விரண்டும் கலந்து வெகுகாலமாகிவிட்டது. மாநில மக்களில் நகர்ப்புறத்தவரின் பங்கு 1991-இல் 34 விழுக்காடு, 2001-இல் 44, 2011-இல் 48.4. இவ்வளர்ச்சியின் ஒரு பகுதி, நகராட்சியோ பேரூராட்சியோ ஆகாமலேயே நகரமாகிவிட்ட ஊர்களால் வந்தது. மக்கள்தொகை 5,000-க்குக் குறையாமலும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்குக் குறையாத அடர்த்தியோடும், முதன்மை உழைப்பாளர்களான ஆண்களில் 75 விழுக்காட்டினராவது வேளாண்மை அல்லாத வேலையிலும் இருந்தால், ஊராட்சியாக ஆளப்படும் ஊரையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நகரமாக எண்ணும். இத்தகைய கணக்கெடுப்பு நகரங்கள் தமிழ்நாட்டில் 2001-இல் 111; 2011-இல் 376.

நகரத்தின் குப்பையும் நகரத்தின் வாடகையும் ஊராட்சியின் வருவாயை மட்டும் கொண்டு சமாளிக்கப்படும் இடங்கள் இவை. அரசுப் பள்ளிகளில் கணிசமானவை இத்தகைய ஊர்களில்தான் நடக்கின்றன. தான் வாழும் ஊர் பாடநூலின் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அங்குள்ள மாணவரால் சொல்ல முடிவதில்லை.

3.3 பேசப்படாத பிரிவு

தமிழ்நாட்டுக் கிராமத்தின் வடிவத்தை நிர்ணயித்தவற்றில் நீருக்கும் மேட்டுக்கும் அடுத்து நிற்பது சாதி. ஊரும் சேரியும் தனித்தனியே அமைவது நாட்டின் பல பகுதிகளிலும் காணப்படுகிறது; ஆயினும் வடிவ வகைப்பாட்டில் அதற்குப் பெயரில்லை. இதை ஒரு குடியிருப்புப் பிரச்சினையாகவே கண்டு அரசு எடுத்த முயற்சி பெரியார் நினைவு சமத்துவபுரம். 1997-இல் அறிவிக்கப்பட்டு, முதலாவது 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. 100 வீடுகளில் 40 பட்டியல் சாதியினருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 இதரருக்கு என ஒதுக்கீடு. வீடுகளின் இருப்பிட அமைப்பை மாற்றினால் சமூக உறவு மாறுமா என்ற கேள்வியை முன்னிறுத்திய திட்டம் அது. அந்தக் கேள்வியைப் புவியியல் வகுப்பு எடுத்துக்கொள்ளாவிட்டால் வேறு எந்த வகுப்பும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

4. மூன்று களங்கள்

பயிற்சியில் பயன்படுத்தத்தக்க மூன்று குடியிருப்பு வகைகள் இங்கு ஆராயப்படுகின்றன. மூன்றிலும் கேட்கப்படுவது ஒரே கேள்வி: சுமை எங்கே போய்ச் சேர்கிறது?

4.1 ஏரிக்குக் கீழே ஊர்

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. வடமாவட்டங்களில் பல ஊர்களின் அமைப்பை ஒரே குறுக்குவெட்டுப் படத்தில் காட்டிவிடலாம். மேலே நீர்ப்பிடிப்பும் மேய்க்காலும், பிறகு ஏரி உள்வாய், கரை, மதகு, மதகின் கீழ் ஆயக்கட்டு, வெள்ளம் எட்டாத மேட்டில் நத்தம். மிகுதி நீர் கலங்கல் வழியே வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். இந்தச் சங்கிலியில் மேல் ஊரின் மிச்சம்தான் கீழ் ஊரின் வரத்து. ஆகவே ஓர் ஊர் தன் ஏரியைச் சரியாக வைத்திருந்தால் மட்டும் போதாது. மேலே ஒரு வரத்துக் கால்வாய் அடைபட்டால் கீழே பல ஊர்களின் ஆயக்கட்டு காயும்.

இதைப் பொற்காலமாகக் காட்டும் ஆசை ஆசிரியருக்கு எளிதில் வரும். பயிற்சி அதற்கு இடம் தரக்கூடாது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம் என்னும் குழு ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்டதைப் பதிவு செய்கின்றன. குறிப்பிட்ட அளவு நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ளவருக்கே அக்குழுவில் இடம் என்பதையும் அதே கல்வெட்டுகள் சொல்கின்றன. பிற்காலத்திலும் மதகைத் திறந்து மூடி, வயல்வயலாக நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் பெரும்பாலும் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர். நீரமைப்பு நூற்றாண்டுகள் நீடித்தது உண்மை. அதன் உழைப்புச் சுமை எந்தத் தெருவில் இறங்கியது என்பதும் அதே அளவு உண்மை.

ஏரிகள் நலிந்ததற்கும் ஒற்றைக் காரணம் சொல்ல இயலாது. குடிமராமத்து தளர்ந்தது, பராமரிப்பு ஊரார் கையிலிருந்து அரசுத் துறைக்குப் போனது, ஆழ்துளைக் கிணறு பரவியது, 1990-இல் பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரம் விரிவாக்கப்பட்டபின் நிலத்தடி நீரை எடுப்பது தனிமனிதருக்கு மலிவானது. ஏரியைப் பேணக் கூட்டுழைப்பு வேண்டும்; கிணற்றுக்கு அது வேண்டாம். இந்தக் கணக்கை வகுப்பில் விளக்கத் தெரிந்த ஆசிரியர், பேராசை பற்றிப் பொதுப்படையாகப் பேச வேண்டியதில்லை.

4.2 பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும்

தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 1960-களில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்ததாகக் கணக்கிடப்படுகிறது. சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பிலுள்ள ஏரிகளின் மிகுதி நீர் இதில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கும். வருவாய்ப் பதிவுகளில் இத்தகைய நிலங்கள் பயனற்ற நிலமாகவே எண்ணப்பட்டு வந்தன. பெருங்குடிக் குப்பைக் கிடங்கு, சாலைகள், அரசு நிறுவனங்கள், தகவல் தொழில்நுட்ப வளாகங்கள், அடுக்குமாடிகள் என அதன் மீது ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. எஞ்சியதில் 1,247 ஹெக்டேர் 2022-இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அடையாற்றங்கரைகள் மூழ்கின. ஆற்றங்கரையில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் பாதுகாப்பு கருதிப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. அதற்கு முன்பே 2000 முதல் கண்ணகி நகரிலும், பின்னர் செம்மஞ்சேரியிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டிருந்தன. கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். இம்மூன்றும் அந்தச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்நிலப் பகுதியிலேயே உள்ளன. செம்மஞ்சேரி மழைக்காலங்களில் பலமுறை வெள்ளத்தால் சூழப்பட்டது. வெள்ளத்திலிருந்து காக்க என்று சொல்லி மாற்றப்பட்டவர்கள், வெள்ளநீர் வந்து தேங்கும் நிலத்தின் விளிம்புக்கு வந்து சேர்ந்தார்கள். நகர மையத்தில் வீட்டு வேலை, கட்டட வேலை, சிறு வியாபாரம் என்றிருந்த வருமானம் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் தங்கிவிட்டது. பேருந்துக் கட்டணமும் பயண நேரமும் குடும்பத்தின் புதிய செலவாயின.

பிரிஸ்டல் சட்டகத்தின் ஏழு பண்புகளை மட்டும் வைத்து அடையாற்றங்கரையை மதிப்பிட்டால், அது மேம்பட்டதாகவே மதிப்பெண் பெறும். எட்டாவதைச் சேர்த்தால்தான் பெரும்பாக்கம் அதே கணக்கின் மறுபக்கமாகத் தெரியும். சென்னையின் குடிநீர்க் கணக்கும் இவ்வாறே. 2004 முதல் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து சுமார் 235 கிலோமீட்டர் குழாய்வழி நீர் வருகிறது. 2019 கோடையில் நகர ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்தது. சென்னை நீடித்த நகரமா என்ற கேள்விக்கு விடை வீராணம் இருக்கும் காட்டுமன்னார்கோயில் வட்டத்திலும் ஜோலார்பேட்டையிலும் சேர்த்தே தேட வேண்டியிருக்கிறது.

4.3 ஓடந்துறை ஊராட்சி

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகேயுள்ள ஓடந்துறை ஊராட்சி 2006-இல் வங்கிக் கடனும் பெற்று 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. ஊராட்சியின் மின்தேவைக்கு ஈடுசெய்து, மிகுதியை மின்வாரியத்துக்கு விற்க முடிந்தது. நீடித்த கிராமம் என்று பரவலாகப் பாராட்டப்பட்டது. அந்தக் காற்றாலை நிற்பது ஓடந்துறையில் அன்று. காற்று வளம் மிகுந்த உடுமலைப்பேட்டை வட்டாரத்து மைவாடியில்.

இது குறையன்று, புவியியல் பாடம். பாலக்காட்டுக் கணவாயின் காற்று மைவாடிக்குக் கிடைக்கிறது, ஓடந்துறைக்கு அதே அளவில் கிடைப்பதில்லை. மின்வாரியக் கம்பி வலையமைப்பு இருந்ததால்தான் ஓர் இடத்து உற்பத்தி இன்னோர் இடத்துக் கணக்கில் வரவாயிற்று. தன்னிறைவு என்ற சொல் இங்கு ஊர் எல்லையைக் குறிக்கவில்லை. ஒரு மாநில அமைப்போடு செய்துகொண்ட நியாயமான ஏற்பாட்டைக் குறிக்கிறது. எல்லை தாண்டிச் செல்வது எப்போதும் சுமையாகவே இருக்க வேண்டியதில்லை என்பதை மாணவர்கள் இந்தக் களத்தில் காணலாம். முதல் இரண்டு களங்களை மட்டும் நடத்தினால் பாடம் குற்றப்பத்திரிகையாகிவிடும். மூன்றாவது அதைச் சமன் செய்கிறது.

5. ஆசிரியருக்கு வேண்டிய திறன்கள்

பாடப்பொருளை அறிவது வேறு, அதைக் கற்பிக்கத்தக்க வடிவில் அறிவது வேறு என்று 1986-இல் லீ ஷுல்மன் வேறுபடுத்திக் காட்டினார். குடியிருப்புப் பாடத்தில் இந்த இரண்டாம் வகை அறிவு மூன்று திறன்களாகப் பிரிகிறது.

5.1 ஆவண வாசிப்பு. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தலப்படம், வருவாய்த் துறையின் கிராம வரைபடம், புலப்படம், அ-பதிவேடு, இஸ்ரோவின் புவன் தளம், பல ஆண்டுச் செயற்கைக்கோள் படங்கள் ஆகியவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் படிக்கத் தெரிய வேண்டும். ஒரு புல எண் பதிவேட்டில் ஓடை என்றும், படத்தில் மனைப்பிரிவு என்றும் தெரிந்தால், இடையில் ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. அந்த முடிவைத் தேடுவதே பாடம். வரலாறு படித்த ஆசிரியருக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு; ஆவணத்தைச் சந்தேகத்தோடு வாசிக்கும் பழக்கம் அவருக்கு முன்பே இருக்கிறது.

5.2 கள நடை. வரைபடத்தில் நீலக்கோடாக உள்ள கால்வாயைக் கலங்கலிலிருந்து அடுத்த ஏரிவரை நடந்து பார்ப்பது, குப்பை வண்டியின் பாதையைப் பின்தொடர்வது, வாரச் சந்தைக்கு எந்தெந்த ஊரார் வருகிறார்கள் என்று குறித்துக்கொள்வது ஆகியவை இதில் அடங்கும். மாணவர்களை அழைத்துச் செல்லும் முன் பாதுகாப்பு, தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோர் ஒப்புதல், வெயில் நேரம் ஆகிய நடைமுறைகளையும் பயிற்சியிலேயே ஒத்திகை பார்க்க வேண்டும்.

5.3 பொறுப்புள்ள உரையாடல். மூன்றில் இதுவே கடினமானது. பயிற்சிக் கட்டகங்கள் பெரும்பாலும் தொடாததும் இதுவே. பெரும்பாக்கத்தைப் பற்றிய பாடம் நடக்கும்போது, அங்கிருந்து வரும் பிள்ளை அதே வகுப்பில் இருக்கலாம். ஏரி உள்வாயில் கட்டிய வீடுகளை ஆக்கிரமிப்பு என்று ஆசிரியர் சொல்லும்போது, அந்த வீட்டுப் பிள்ளை தலைகுனிந்து உட்கார்ந்திருக்கலாம். அதே உள்வாயில் எழுந்த அரசுக் கட்டடத்துக்கும் தனியார் வளாகத்துக்கும் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம் என்று ஆசிரியர் தம்மையே கேட்டுக்கொள்ளப் பயிற்சி தூண்ட வேண்டும். எந்த மாணவரின் முகவரியும் சாதியும் வகுப்பில் எடுத்துக்காட்டாகக் கூடாது என்பது கண்டிப்பான விதி.

6. பயிற்சியின் கட்டமைப்பு

6.1 அடுக்கு முறையின் வரம்பு

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் கட்டகம் தயாரிக்கும். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் கருத்தாளர்களைப் பயிற்றுவிக்கும். வட்டார வள மையம், குறுவள மையம் வழியாக அது ஆசிரியரை அடையும். எழுத்தறிவு, எண்ணறிவு போன்ற பொதுத் திறன்களுக்கு இந்த அடுக்கு முறை ஓரளவு பயன்படும். குடியிருப்புப் பாடத்துக்கு அது பொருந்தாததற்குக் காரணம், பாடப்பொருளே இடத்துக்கு இடம் மாறுவது. திருப்பூரில் சுமை நொய்யலில் சாயக்கழிவாக இறங்கியது; 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு அது போனது. இராமேசுவரம் தீவில் 1964 புயலுக்குப் பின் கைவிடப்பட்ட தனுஷ்கோடி வேறொரு பாடம். மாநிலம் முழுவதற்கும் ஒரே படவில்லைத் தொகுப்பை அனுப்பினால், ஒவ்வோர் அடுக்கிலும் இடத்தின் விவரம் உதிர்ந்து, கடைசியில் வரையறை மட்டுமே மிஞ்சும்.

6.2 ஆய்வுகள் சொல்வது

பயிற்சியால் முதலில் ஆசிரியரின் நம்பிக்கை மாறும், பிறகு கற்பிக்கும் முறை மாறும் என்பது பொதுவான எண்ணம். 1986-இல் தாமஸ் கஸ்கி இந்த வரிசையைத் திருப்பிப் போட்டார்: புதிய முறையை வகுப்பில் செய்து பார்த்து, மாணவர் கற்றலில் மாற்றத்தைக் கண்ட பிறகே நம்பிக்கை மாறுகிறது. 2017-இல் லிண்டா டார்லிங்-ஹாமண்டும் உடன் ஆய்வாளர்களும் பயன்தரும் பயிற்சிகளின் பொதுக்கூறுகளைத் தொகுத்தபோது, பாடப்பொருளை மையமாகக் கொள்ளுதல், செய்து கற்றல், ஆசிரியர்கள் கூடி உழைத்தல், பின்னூட்டம், போதிய காலநீட்சி ஆகியவை அதில் இடம்பெற்றன. ஒரு நாள் அரங்கப் பயிற்சியில் இவற்றுள் பெரும்பாலானவை நிறைவேற வாய்ப்பில்லை.

6.3 முன்மொழியப்படும் ஓராண்டுத் திட்டம்

தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பணித்திறன் மேம்பாட்டைப் பரிந்துரைத்தது. அக்கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லையெனினும், அந்த நேர அளவை ஓர் ஒப்பீடாகக் கொள்ளலாம். அதில் பாதிக்கும் குறைவான நேரத்தில் கீழ்வரும் திட்டத்தை நடத்த முடியும். குறுவள மையமே இதன் அலகு. அதன் எல்லைக்குள் உள்ள ஒரு குடியிருப்பே இதன் பாடநூல்.

முதற்கட்டம், ஜூன் - ஜூலை: ஒரு நாள் ஆவண வாசிப்பு. கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சிச் செயலரும் கருத்தாளர்களாக அழைக்கப்படுவர்.

இரண்டாம் கட்டம், ஆகஸ்ட்: ஒரு நாள் கள நடை. நீர், கழிவு, ஆற்றல், மக்கள் என்னும் நான்கு ஓட்டங்களைக் குழுவுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டு, ஊர் எல்லைக்கு அப்பால் ஒரு கட்டமாவது தொடர வேண்டும்.

மூன்றாம் கட்டம், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை: ஆசிரியர்கள் கூடி ஒரே பாடத்தைத் திட்டமிடுவர். ஒருவர் நடத்த, மற்றவர்கள் மாணவர்களின் கேள்விகளைக் கவனித்துக் குறிப்பெடுப்பர். திருத்திய பாடத்தை அடுத்தவர் தம் பள்ளியில் நடத்துவார். ஜப்பானில் வேரூன்றிய பாட ஆய்வு முறையின் சுருக்க வடிவம் இது.

நான்காம் கட்டம், ஜனவரி - மார்ச்: மாணவர்கள் தயாரித்த வரைபடமும் அறிக்கையும் ஊர்ப் பொதுவுக்கு வரும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அவற்றுள் ஜனவரி 26, மார்ச் 22 ஆகிய இரண்டும் இக்கட்டத்தில் வருகின்றன. உலக நீர் நாளான மார்ச் 22, ஓர் ஏரிச் சங்கிலியின் வரைபடத்தை முன்வைக்கப் பொருத்தமான நாள்.

7. மதிப்பிடும் முறை

பயிற்சி முடிவில் கருத்துப்படிவம் நிரப்பச் சொன்னால் அனைத்தும் நன்று என்றே வரும். வேறொரு அளவுகோல் முன்மொழியப்படுகிறது. பயிற்சிக்கு முன்பும் ஆண்டு முடிவிலும், முன்பின் அறியாத ஒரு குடியிருப்பின் வரைபடத்தை ஆசிரியரிடம் கொடுத்து, அதுபற்றி மாணவர்களிடம் கேட்க ஐந்து கேள்விகள் எழுதச் சொல்ல வேண்டும். அக்கேள்விகள் பெயர் கேட்கின்றனவா, காரணம் கேட்கின்றனவா, எல்லை தாண்டிச் சுமையைத் தேடுகின்றனவா என்று தரம் பிரிக்கலாம். முதல் வகை குறைந்து மூன்றாம் வகை கூடியிருந்தால் பயிற்சி வேலை செய்திருக்கிறது. மாணவர் தரப்பில், பொதுத்தேர்வு வினாவின் வடிவம் மாறாதவரை வகுப்பறை மாற்றம் நிலைக்காது. குடியிருப்பு வகைகளை விளக்குக என்பதற்குப் பதிலாக, ஒரு சிறு வரைபடத்தைக் கொடுத்து, புதிய பேருந்து நிலையத்துக்கு இரு இடங்களில் எது தகும், யாருக்கு என்ன இழப்பு என்று கேட்கும் வினா அதே மதிப்பெண்ணுக்கு இடம்பெறலாம்.

8. எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம், பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்பது. வகைப்பாட்டுக்கு இப்போது செலவாகும் பாடவேளைகளிலேயே இதை நடத்தலாம். சொந்த ஊரின் வடிவத்தை விளக்கும்போது வகைகளும் உடன் வந்துவிடும்.

இரண்டாவது, இது வகுப்பறையை அரசியல் மேடையாக்கும் என்ற அச்சம். அரசுப் பள்ளி ஆசிரியர் அரசின் மறுகுடியமர்வுத் திட்டத்தைப் பற்றிப் பேசுவது எளிதன்று. ஆனால் இங்கு கேட்கப்படுவது கண்டனமோ பாராட்டோ அன்று. பதிவேடு, வரைபடம், தூரம், மழையளவு ஆகியவற்றின் அடிப்படையிலான விவரிப்பு. ஆற்றங்கரையில் அக்குடும்பங்களை விட்டிருந்தால் உயிராபத்து இருந்தது என்பதையும் அதே விவரிப்பு பதிவு செய்தாக வேண்டும்.

மூன்றாவது, கோட்பாட்டு வகையில் வலுவானது: சுமையைத் தொடர்ந்து சென்றால் எங்கே நிறுத்துவது? ஒரு கைப்பேசியின் தாதுவைத் தேடிப் போனால் காங்கோவுக்குப் போய்விடலாம். பள்ளி நிலையில் நான்கு ஓட்டங்கள், ஊர் எல்லைக்கு அப்பால் ஓரிரு கட்டங்கள் என்ற வரம்பு நடைமுறைக்காக வைக்கப்பட்டது. எங்கே நிறுத்தினோம், ஏன் நிறுத்தினோம் என்று மாணவர் தம் அறிக்கையில் எழுத வேண்டும். வரம்பை வெளிப்படையாகச் சொல்வதும் ஆய்வுப் பழக்கத்தின் ஒரு பகுதிதான்.

9. முடிவுரை

நீடித்த சமுதாயம் என்பது ஓர் ஊருக்குச் சூட்டும் பட்டம் அன்று. ஊர்களுக்கு இடையிலான கொடுக்கல் வாங்கலின் தன்மை. ஏரிச் சங்கிலி, பள்ளிக்கரணை, ஓடந்துறை ஆகிய மூன்று களங்களும் இதையே மூன்று விதமாக நிறுவுகின்றன. இதைக் கற்பிக்க ஆசிரியருக்கு மேலும் ஒரு வரையறை தேவையில்லை. தம் பள்ளியைச் சுற்றியுள்ள நிலத்தை ஆவணத்திலும் காலடியிலும் வாசிக்கும் பயிற்சி தேவை. அதற்கு மூன்று நிர்வாக மாற்றங்கள் போதும். குடியிருப்புப் பாடத்துக்கான பயிற்சியைக் குறுவள மைய அளவில் வடிவமைக்கும் அதிகாரத்தை மாவட்டப் பயிற்சி நிறுவனங்களுக்கு அளிக்க வேண்டும். கிராம வரைபடமும் அ-பதிவேட்டின் பொதுப்பகுதியும் கட்டணமின்றிப் பள்ளிகளுக்குக் கிடைக்க வருவாய்த் துறையும் கல்வித் துறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் புவியியல் பகுதியில், முன்பின் அறியாத வரைபடத்தை வைத்து முடிவெடுக்கச் சொல்லும் ஒரு வினாவாவது இடம்பெற வேண்டும். மூன்றாவதைச் செய்தால் முதல் இரண்டையும் ஆசிரியர்களே கேட்டு வாங்குவார்கள்.